நினைவின் கதை – 9: எச்.எம். என்ற மனிதர்

சென்ற இதழில் கார்ல் லாஷ்லியை அவருடைய எலிகளோடு விட்டுவிட்டு வந்தோம். எலிக்குப் புதிர்ப்பாதையில் வழி பழக்குவார். பிறகு அதன் மூளையின் மேலுறையில் ஒரு துண்டை நீக்குவார். வழி மறந்துவிட்டதா என்று பார்ப்பார். பல ஆண்டுகள் இதுதான் வேலை. எங்கே வெட்டினாலும் எலி தடுமாறியது; எங்கே வெட்டினாலும் அடியோடு மறக்கவில்லை. எவ்வளவு வெட்டினார் என்பதைப் பொறுத்தே தடுமாற்றம் கூடியது, குறைந்தது. நினைவுக்கென்று மூளையில் தனி இடம் எதையும் காண முடியவில்லை என்று 1950-ல் எழுதினார். அதற்கு எதிராகச் சொல்ல அப்போது யாரிடமும் வலுவான சான்று இல்லை.

மூன்றே ஆண்டுகளில் அந்தச் சான்று வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்ட் நகர மருத்துவமனையில், நினைவைப் பற்றி எந்த ஆராய்ச்சியும் செய்யாத ஓர் அறுவை மருத்துவரின் கையால் வந்தது. அதற்கு விலை கொடுத்தவர் 27 வயது இளைஞர் ஒருவர்.

ஹென்றி மோலைசன் 1926 பிப்ரவரி 26-ல் பிறந்தவர். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. பத்து வயதில் சின்னச் சின்ன வலிப்புகள் தொடங்கின. சில நொடிகள் கண் நிலைகுத்தும், பேச்சு நிற்கும், பிறகு தெளியும். பதினைந்தாவது பிறந்த நாளன்று பெற்றோருடன் காரில் போய்க்கொண்டிருந்தபோது முதல் பெரிய வலிப்பு வந்தது. உடல் முழுக்க வெட்டி இழுத்தது. பள்ளியில் மற்ற பிள்ளைகளின் கேலி தாங்காமல் இடையில் நின்றார். மறுபடி சேர்ந்து 21 வயதில்தான் படிப்பை முடித்தார். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை கிடைத்தது. அதையும் தொடர முடியவில்லை. நாளொன்றுக்குச் சுமார் பத்து சிறு வலிப்புகள், வாரத்துக்கு ஒரு பெரிய வலிப்பு. அன்று கிடைத்த மருந்துகளை உடல் தாங்கும் எல்லை வரை கொடுத்துப் பார்த்தும் பயன் இல்லை.

குடும்பம் வில்லியம் பீச்சர் ஸ்கோவிலிடம் போய்ச் சேர்ந்தது. ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையின் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் அவர். துணிச்சலானவர், கைவேகம் உள்ளவர். கடுமையான மனநோய்க்கு மூளையை வெட்டுவதே மருத்துவம் என்று நம்பப்பட்ட காலம் அது. நெற்றி மடலை வெட்டும் லோபாட்டமி அறுவையால் நோயாளிகள் உணர்ச்சி மங்கிப்போவதைப் பார்த்த ஸ்கோவில், அதற்கு மாற்றாக மூளையின் வேறு பகுதிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்கு மேலே உள்ள பொட்டு மடலின் உட்பக்கத்தை மனநல விடுதி நோயாளிகள் சிலருக்கு ஏற்கெனவே நீக்கியிருந்தார். அந்த இடத்திலிருந்துதான் பல வலிப்புகள் கிளம்புகின்றன என்பது அப்போது தெரிந்திருந்தது. ஹென்றிக்கும் அதையே செய்துபார்க்கலாம் என்று முடிவெடுத்தார். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜியில், வலிப்பு இன்ன பக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று காட்டும் தடயம் கிடைக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுக்க வழியில்லை. இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுவது என்று தீர்மானித்தார். இது வெளிப்படையான சோதனை முயற்சி என்று அவரே பின்னர் எழுதினார்.

1953 ஆகஸ்ட் 25. ஹென்றியின் நெற்றித் தோலை மரத்துப்போகச் செய்தார்கள். ஆள் விழிப்போடுதான் இருந்தார். மூளைக்குத் தன்னுள் வலியை உணரும் நரம்புகள் இல்லை. கண்களுக்கு மேலே எலும்பில் இரண்டு துளைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல விட்டம். அவற்றின் வழியே நெற்றி மடலை மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே பொட்டு மடலின் உட்பகுதியை ஸ்கோவில் உறிஞ்சுகுழாயால் உறிஞ்சி எடுத்தார். முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். ஹிப்போகாம்பஸின் முன்பகுதி, அதன் முன்னால் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா, இரண்டையும் ஒட்டிய மேலுறை எல்லாம் போயின.

அன்று மூளை நூல்களில் ஹிப்போகாம்பஸுக்குத் தெளிவான வேலை எதுவும் குறிக்கப்படவில்லை. அது முகர்வோடு தொடர்புடையது என்று பலர் நினைத்தார்கள். 1900-லேயே ரஷ்ய மருத்துவர் விளாதிமிர் பெக்டெரெவ், நினைவு கெட்டுப்போன ஒரு நோயாளியின் மூளையில் இந்தப் பகுதி சிதைந்திருந்ததை எடுத்துக் காட்டியிருந்தார். அரை நூற்றாண்டாக அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அறுவை முடிந்து சில நாட்களில் வலிப்பு பெருமளவு குறைந்தது. அந்த வகையில் ஸ்கோவில் எதிர்பார்த்தது நடந்தது. ஆனால் தினமும் பார்க்கும் செவிலியரை ஹென்றிக்கு அடையாளம் தெரியவில்லை. கழிவறை எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். பேச்சு சரியாக இருந்தது, குணம் மாறவில்லை, அறிவு மழுங்கவில்லை. நடந்துகொண்டிருக்கும் ஒன்று முடிந்து கவனம் வேறு பக்கம் திரும்பியதும், அது நடந்ததே அவருக்குத் தெரியாமல் போயிற்று.

இந்த இழப்பு ஆராய்ச்சியாக மாறியது மான்ட்ரியலில் நடந்த வேறொரு வேலையால். கனடாவின் அந்த நகரத்தில் வைல்டர் பென்ஃபீல்டு வலிப்பு நோயாளிகளுக்குப் பொட்டு மடலின் ஒரு பக்கத்தை மட்டும் நீக்கிவந்தார். பெரும்பாலோருக்கு நினைவில் பெரிய சேதம் ஏற்படவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் எதிர்பாராத விதமாகப் புதிய நினைவே நிற்காமல் போயிற்று. அவர்களில் ஒருவர் பொறியாளர். பென்ஃபீல்டோடு வேலை செய்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவர்களைச் சோதித்தார். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1918-ல் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்து மான்ட்ரியலுக்கு வந்தவர். அவருடைய ஆசிரியர் டொனால்டு ஹெப். ஹெப்பின் ஆசிரியர் நம் லாஷ்லி. நினைவு எங்கும் இல்லை என்று லாஷ்லி சொல்ல, அவர் மாணவரின் மாணவி அதற்கு ஓர் இடத்தைக் காணும் வேலையில் இறங்கியிருந்தார்.

மில்னரும் பென்ஃபீல்டும் ஓர் ஊகத்துக்கு வந்தார்கள். அந்த இருவருக்கும் வெட்டாமல் விட்ட மறுபக்க ஹிப்போகாம்பஸ் ஏற்கெனவே கெட்டிருக்க வேண்டும். மீதியிருந்த நல்ல பக்கத்தை அறியாமல் எடுத்துவிட்டதால் இரண்டும் இல்லாமல் போயிருக்க வேண்டும். இதை 1955-ல் சிகாகோவில் நடந்த மருத்துவ மாநாட்டில் முன்வைத்தார்கள். அதன் சுருக்கத்தைப் படித்த ஸ்கோவில், தன்னிடமும் இதே போன்ற நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று பென்ஃபீல்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊகம் சரிதான் என்பது பின்னால் உறுதியானது. 1964-ல் அந்தப் பொறியாளர் வேறு நோயால் இறந்தபோது மூளையைத் திறந்து பார்த்தார்கள். பென்ஃபீல்டு தொடாத பக்கத்து ஹிப்போகாம்பஸ் சுருங்கிக் கிடந்தது.

மான்ட்ரியலிலிருந்து ஹார்ட்ஃபோர்டுக்கு மில்னர் இரவு ரயில் ஏறினார். 1955 ஏப்ரல் 26-ல் ஹென்றியின் முன்னால் உட்கார்ந்தார். இன்று என்ன தேதி என்ற கேள்விக்கு 1953 மார்ச் என்று பதில் வந்தது. வயது 27 என்றார், உண்மையில் 29. அறைக்குள் வருவதற்குச் சற்று முன்புதான் இன்னொரு மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தார். அப்படி யாரையும் பார்த்ததாக நினைவில்லை என்றார். அறிவுக்கூர்மைச் சோதனையில் 112 மதிப்பெண். அறுவைக்கு முன் 104. வலிப்பும் மருந்தும் குறைந்ததால் கூடியிருக்கலாம். நினைவுச் சோதனையில் 67. அதில் சராசரி மனிதர் எடுப்பது 100.

ஹென்றியின் தாய் சொன்ன விவரங்கள் எண்களைவிடத் தெளிவானவை. அறுவைக்குப் பத்து மாதம் கழித்துக் குடும்பம் அதே தெருவில் வேறு வீட்டுக்கு மாறியது. ஓராண்டு ஆகியும் தனியே விட்டால் பழைய வீட்டுக்கே போனார். முந்தின நாள் தானே புல் வெட்டியிருந்தாலும், வெட்டும் கருவி எங்கே இருக்கிறது என்று மறுநாள் கேட்டார். ஒரே படப்புதிரைத் திரும்பத் திரும்பச் சேர்த்தார். ஒவ்வொரு முறையும் அது புதிது. ஒரே பத்திரிகையை மறுபடி மறுபடி படித்தார். அன்பான மாமா ஒருவர் அறுவைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். ஹென்றிக்கு அது தெரியவில்லை. மாமா எப்போது வருவார் என்று கேட்பார். இறந்துவிட்டார் என்று சொன்னதும் கலங்கிப்போவார். சற்று நேரத்தில் அந்தச் செய்தியே மறந்துவிடும். பின்னொரு நாள் மறுபடி கேட்பார், மறுபடி கலங்குவார். துக்கம் ஆறுவதற்குக்கூட நினைவு வேண்டியிருக்கிறது.

ஆனால் பிள்ளைப் பருவம் அப்படியே இருந்தது. சிறுவயதில் ஒரு சிறு விமானத்தில் பறந்ததை எத்தனை ஆண்டு கழித்தும் நுணுக்கமாகச் சொன்னார். இழப்பு பின்னோக்கியும் பாய்ந்திருந்தது. அறுவைக்கு முந்தைய சில ஆண்டுகள் மங்கியிருந்தன. அதற்கும் முந்தையவை பெரும்பாலும் தங்கிவிட்டன. பிரெஞ்சு உளவியலாளர் தியோதூல் ரிபோ 1881-ல் கவனித்துச் சொன்ன ஒழுங்கு இதுதான்: மூளை கெடும்போது புதியது முதலில் போகும், பழையது கடைசி வரை நிற்கும்.

ஸ்கோவிலும் மில்னரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1957-ல் வெளிவந்தது. ஹென்றியோடு ஸ்கோவிலின் மனநோயாளிகள் எட்டு பேரையும் மில்னர் சோதித்திருந்தார். வெட்டு ஹிப்போகாம்பஸ் வரை ஆழமாகப் போனவர்களுக்கு நினைவு கெட்டிருந்தது. அதைத் தொடாமல் நின்றவர்களுக்குக் கெடவில்லை. முடிவு பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பக்கமும் இந்தப் பகுதியை நீக்கும் அறுவையை யாரும் செய்யக் கூடாது என்று ஸ்கோவில் மற்ற மருத்துவர்களை எச்சரித்தார். கட்டுரையில் ஹென்றி வெறும் எச்.எம். ஆனார். அடுத்த 51 ஆண்டுகள் உலகம் அவரை அந்த இரண்டு எழுத்துகளால் மட்டுமே அறிந்திருந்தது. லாஷ்லி 1958-ல் இறந்தார்.

அப்படியானால் லாஷ்லி தவறா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஹென்றியின் பழைய நினைவுகள் ஹிப்போகாம்பஸ் போன பிறகும் தங்கியிருந்தன. ஆகவே அவை அங்கே சேமிக்கப்பட்டவை அல்ல, மேலுறையில் பரவிக் கிடந்தவை. இதில் லாஷ்லியின் பக்கம் நியாயம் இருந்தது. அந்த நினைவுகள் உருவாகி நிலைபெறுவதற்குத்தான் குறிப்பிட்ட ஓர் இடம் தேவைப்பட்டது.

ஒரு திருமண வீட்டை எண்ணிப்பாருங்கள். நாதஸ்வரத்தின் ஒலி மேலுறையின் ஒரு பகுதியில் பதிகிறது. மணமேடையின் காட்சி இன்னொரு பகுதியில். யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பது வேறோரிடத்தில். பூக்களைச் சேர்த்துத் தொடுக்கும் நாரைப்போல ஹிப்போகாம்பஸ் இவற்றை ஒரே நிகழ்ச்சியாகக் கட்டுகிறது. பிறகு, குறிப்பாக உறக்கத்தில், அந்தக் கட்டு மறுபடி மறுபடி இயக்கப்படுகிறது. 1994-ல் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் எலிகளில் இதை நேரடியாகப் பதிவு செய்தார்கள். எலி ஓடித் திரிந்தபோது சேர்ந்து இயங்கிய ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்கள், அது தூங்கியபோதும் சேர்ந்தே இயங்கின. இப்படி நாளடைவில் மேலுறைப் பகுதிகளுக்குள் நேரடி இணைப்பு உறுதிப்படுகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வாழ்நாள் முழுக்க ஹிப்போகாம்பஸ் தேவைப்படும் நினைவுகளும் உண்டு என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஹென்றியால் எதையுமே மனத்தில் வைத்திருக்க முடியவில்லை என்று நினைத்தால் அதுவும் தவறு. 5, 8, 4 என்ற எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மில்னர் அவரைத் தனியே விட்டார். கால் மணி நேரம் கழித்தும் சரியாகச் சொன்னார். எப்படி முடிந்தது என்று கேட்டபோது விளக்கினார்: மூன்றையும் கூட்டினால் 17, 8-ஐ நினைவில் வைத்து அதைக் கழித்தால் 9, 9-ஐ இரண்டாகப் பிரித்தால் 5, 4. இதையே விடாமல் மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பிய மறு நிமிடம் எண்ணும் போயிற்று, எண் ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள் என்பதும் போயிற்று. இந்த நொடியில் மனத்தில் ஏந்தியிருப்பது வேறு, நாளைக்கென்று தங்குவது வேறு என்பதை இதைவிடத் துல்லியமாகப் பிரித்துக் காட்டிய சோதனை அதுவரை இல்லை.

அடுத்த சோதனைதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. மேசைமேல் ஒரு தாள். அதில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நட்சத்திரக் கோடுகள். இரண்டுக்கும் நடுவே சிறிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள்ளேயே பென்சிலை ஓட்டி நட்சத்திரத்தைச் சுற்றி வர வேண்டும். ஆனால் தாளையோ கையையோ நேராகப் பார்க்கக் கூடாது, மறைப்பு வைத்திருக்கும். எதிரே உள்ள கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து வரைய வேண்டும். கண்ணாடியில் திசை மாறித் தெரிவதால், முனைகளில் திரும்பும்போது கை தப்பான பக்கம் இழுக்கும். யாருக்குமே முதல் முறை கோடு தாண்டித் தாண்டிப் போகும்.

ஹென்றிக்கும் அப்படியே போயிற்று. நாளுக்குப் பத்து முறை வீதம் மூன்று நாள் செய்தார். முதல் நாளே பிழைகள் குறைந்துகொண்டு வந்தன. இரண்டாம் நாள், முதல் நாள் விட்ட இடத்திலிருந்தே கை தொடங்கியது. மூன்றாம் நாள் பென்சில் தயக்கமில்லாமல் ஓடியது. ஒவ்வொரு முறையும் மில்னர் சோதனையை முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இப்படி ஒன்றைத் தான் செய்ததாகவே ஹென்றிக்குத் தெரியாது. கடினமாக இருக்கும் என்று நினைத்தது இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவரே வியந்தார். கை கற்றிருந்தது, கற்றது அவருக்குத் தெரியவில்லை.

1962-ல் மில்னர் இதை வெளியிட்டார். நினைவு என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது மூளைக்குள் ஒன்றல்ல, பல என்பது முதல்முறையாகச் சோதனையில் நின்றது. நேற்று யாரைச் சந்தித்தோம், இந்தியாவின் தலைநகர் எது என்பவை வாயால் சொல்லக்கூடிய நினைவுகள். அவை பதிய ஹிப்போகாம்பஸ் வேண்டும். சைக்கிள் ஓட்டுவது, டைப் அடிப்பது, வீணை மீட்டுவது போன்ற செய்கை நினைவுகளுக்கு அது வேண்டியதில்லை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்பணுத் திரள்களும் சிறுமூளையும் அவற்றைப் பார்த்துக்கொள்கின்றன. 1980-ல் நீல் கோஹனும் லாரி ஸ்குவையரும் நினைவிழந்த வேறு நோயாளிகளுக்குக் கண்ணாடி எழுத்தைப் படிக்கப் பழக்கி, இந்தப் பிரிவை இன்னும் உறுதியாக நிறுவினார்கள்.

இதற்கு முன்னோடியான ஒரு சின்னச் சம்பவம் 1911-ல் பதிவாகியிருந்தது. ஜெனீவாவின் உளவியலாளர் எட்வார் கிளாப்பரேடு, தன்னை ஒவ்வொரு நாளும் மறந்துபோகும் ஒரு பெண் நோயாளியிடம் கைகுலுக்கும்போது விரலிடுக்கில் ஊசியை மறைத்து லேசாகக் குத்தினார். சம்பவம் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் பின்னர் கிளாப்பரேடு கை நீட்டியதும் தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. அச்சம் தனக்கென வேறொரு வழியில் பதிகிறது. ஹென்றியிடமிருந்து எடுத்துவிட்ட அமிக்டலாவுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

1962-ல் மான்ட்ரியலுக்கு வந்த ஹென்றியை மில்னரின் மாணவி சூசன் கார்க்கின் முதன்முதலாகச் சந்தித்தார். ஸ்கோவிலின் எதிர்வீட்டில் வளர்ந்தவர் கார்க்கின்; ஸ்கோவிலின் மகளுடைய தோழி. பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்று, ஹென்றி இறக்கும் வரை அவரை ஆராய்ந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் ஹென்றியைச் சோதித்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழகியும் கார்க்கின் யார் என்று ஹென்றிக்குத் தெரியாது. பார்த்த முகமாக இருக்கிறதே என்று தோன்றும். உயர்நிலைப் பள்ளியில் கூடப் படித்தவராக இருக்கும் என்பார்.

அந்த ஆய்வுகளிலிருந்து வேறு பல உண்மைகள் வெளிவந்தன. இரவு உணவு முடிந்த உடனேயே இன்னொரு தட்டு வைத்தால் அதையும் சாப்பிட்டார். பசி, நிறைவு ஆகிய இரண்டையும் அவர் சரியாக உணரவில்லை. வலியையும் அப்படியே. 1958-ல் குடிபோன வீட்டின் அறைகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று ஒரு கட்டத்தில் வரைந்து காட்டினார். ஆண்டுக்கணக்கில் அதற்குள்ளேயே நடந்ததில் அது எப்படியோ தங்கியிருந்தது. கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டது போன்ற ஓரிரு பெருஞ்செய்திகளும் துண்டுதுண்டாக நின்றன. எஞ்சியிருந்த மூளைப்பகுதிகள் பலமுறை வந்து மோதும் விவரங்களை மெல்ல மெல்ல உள்வாங்க முடியும் என்பதற்கு இவை சான்று.

தந்தை 1960-களில் இறந்தார். அது மறந்துபோகும் என்பதை ஹென்றி எப்படியோ உணர்ந்திருந்தார். தந்தை இறந்துவிட்டார் என்றும், தாய் முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்றும் தன் கையாலேயே சீட்டு எழுதிப் பணப்பையில் வைத்திருந்தார். சோதனைக்கு அழைத்தால் முகம் சுளித்ததில்லை. தன்னிடமிருந்து கற்பது மற்றவர்களுக்கு உதவுமானால் நல்லதுதானே என்பது அவர் அடிக்கடி சொன்ன பதில்.

அந்தச் சம்மதத்தின் தன்மை பற்றிக் கேள்வி எழுந்திருக்கிறது. எதற்குச் சம்மதித்தோம் என்பதைச் சில நிமிடங்களில் மறந்துவிடும் ஒருவரின் சம்மதம் செல்லுமா? 1992-ல் நீதிமன்றம் அவருக்கு ஒரு காப்பாளரை நியமித்தது. மூளையை ஆய்வுக்குக் கொடுக்கும் ஒப்புதலும் அப்போது பெறப்பட்டது. அவருக்கு நெருங்கிய இரத்த உறவினர் இருந்தும் அவர்களைக் கேட்கவில்லை என்று லூக் டிட்ரிச் என்ற பத்திரிகையாளர் 2016-ல் வெளியான தம் நூலில் எழுதினார். டிட்ரிச், ஸ்கோவிலின் பேரன். கார்க்கின் அதே ஆண்டில் காலமானார். அவர் பணியாற்றிய கழகம் அவர் சார்பில் மறுப்பு வெளியிட்டது. ஹென்றியின் பெயரை மறைத்து, அந்நியர் தொந்தரவு இல்லாமல் பல பத்தாண்டுகள் காத்தவர் கார்க்கின் என்பதும் உண்மை. காக்கப்பட்ட அந்த மனிதர் தனக்காகப் பேச முடியாதவராக இருந்தார் என்பதும் உண்மை. ஒவ்வோர் ஆய்விலும் நோயாளியின் ஒப்புதலை எழுத்தில் பெறும் இன்றைய முறைக்குப் பின்னால், இப்படிப்பட்ட வாழ்க்கைகளும் இருக்கின்றன.

2008 டிசம்பர் 2-ல், கனெக்டிகட்டின் ஒரு முதியோர் இல்லத்தில் ஹென்றி மோலைசன் 82 வயதில் காலமானார். அதன் பிறகே அவர் முழுப்பெயர் வெளியாயிற்று. அன்றிரவே பாஸ்டனுக்குக் கொண்டுபோய் உடலில் இருந்த நிலையிலேயே மூளையை ஒன்பது மணி நேரம் ஸ்கேன் செய்தார்கள். பிறகு அது விமானத்தில், தனக்கென்று ஓர் இருக்கையோடு, கலிஃபோர்னியாவின் சான் டியாகோவுக்குப் போயிற்று. சரியாக ஓராண்டு கழித்து, 2009 டிசம்பரில் யாக்கோபோ அன்னேசே என்ற ஆய்வாளர் உறைய வைத்த மூளையைச் சீவத் தொடங்கினார். ஒவ்வொரு சீவலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஏழு பங்கு தடிமன். 53 மணி நேரத்தில் 2,401 சீவல்கள். இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பான அந்த வேலையைச் சுமார் 4 லட்சம் பேர் பார்த்தார்கள்.

எட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீக்கியதாக ஸ்கோவில் மதிப்பிட்டிருந்தார். 1997-ல் வெளியான ஸ்கேன் ஆய்வு, உண்மையில் ஐந்து சென்டிமீட்டர் அளவே என்றது. 2014-ல் வெளிவந்த சீவல் ஆய்வு அதையும் துல்லியமாக்கியது. ஹிப்போகாம்பஸின் பின்பகுதி கணிசமாகவே எஞ்சியிருந்தது. ஆனால் மேலுறையிலிருந்து அதற்குத் தகவலைக் கொண்டுவரும் என்டோரைனல் பகுதி ஏறக்குறைய முழுக்கப் போயிருந்தது. உறுப்பில் பாதி மிச்சமிருந்தும் அதற்கு வரும் வழி அறுந்துபோயிருந்தது. அரை நூற்றாண்டாக எல்லாப் பழியையும் ஹிப்போகாம்பஸ் என்ற ஒரே பெயரின்மேல் போட்டது சற்றே அவசரம் என்று அந்த ஆய்வு காட்டியது.

இதே என்டோரைனல் பகுதிக்கு இன்று கோடிக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கையில் இடம் இருக்கிறது. அல்சைமர் நோயில் நரம்பணுக்களுக்குள் முடிச்சுபோல் படியும் புரதச் சிதைவு, முதலில் தோன்றும் இடங்களில் முக்கியமானது இதுதான் என்று ஜெர்மனியின் ஹைகோ பிராக், ஈவா பிராக் தம்பதி 1991-ல் வரிசைப்படுத்திக் காட்டினார்கள். அங்கிருந்து ஹிப்போகாம்பஸுக்கும், பிறகு மேலுறைக்கும் அது பரவுகிறது. காலையில் இட்லி சாப்பிட்டோமா என்று மறுபடி மறுபடி கேட்கும் பாட்டி, தன் கல்யாணத்துக்கு மழை பெய்ததை விவரமாகச் சொல்வது இதனால்தான். அவர் அடம்பிடிப்பதாகவோ கவனம் இல்லாமல் இருப்பதாகவோ வீட்டார் நினைப்பது பெரும் அநியாயம். கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் அவருக்குள் பதியவே இல்லை. நோய் முற்றும் வரை கை பழகிய கோலமும் வாய் பழகிய பாட்டும் நிற்பதற்கான காரணத்தையும் ஹென்றியின் நட்சத்திரம் விளக்குகிறது.

நினைவு எங்கே உருவாகிறது என்பதற்கு இவ்வாறு ஒரு முகவரி கிடைத்தது. அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு ஹென்றியின் மூளை விடை சொல்லவில்லை. ஒரு முறை கேட்ட பெயர் நாற்பது ஆண்டு தங்க வேண்டுமானால், நரம்பணுக்களில் ஏதோ ஒன்று மாறியாக வேண்டும். மாறி, அப்படியே நிற்கவும் வேண்டும். சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களுக்கிடையே இணைப்பு வலுக்கிறது என்று ஹெப் 1949-ல் தன் நூலில் ஊகித்திருந்தார். ஊகம் அழகானது, ஆனால் பாலூட்டியின் மூளையில் அதை யாரும் கண்டதில்லை. 1966-ல் நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் தெர்யே லோமோ என்ற இளம் ஆய்வாளர், மயக்க மருந்து கொடுத்த முயலின் ஹிப்போகாம்பஸில் மின்முனையைச் செருகி, வேறு ஏதோ ஒன்றை அளக்கப் போய் ஒரு வினோதத்தைக் கண்டார். சில நொடிகள் கொடுத்த மின்துடிப்பின் விளைவு மணிக்கணக்கில் அடங்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த டிம் பிளிஸ் அவரோடு சேர்ந்தார். 1973-ல் இருவரும் வெளியிட்ட கட்டுரை ஹெப்பின் ஊகத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது. அந்த முயல்களையும், அதே காலத்தில் நியூயார்க்கில் ஒரு கடல் நத்தையோடு எரிக் காண்டல் நடத்திய சோதனைகளையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)